35 மி.மீ. ஃபிலிமை 120 கேமராவில் ஓட்டுவது: அடாப்டர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் 6×7 (படத்தின் அளவு, செ.மீ.யில்) கேமரா ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் உள்ள பழைய ட்வின் லென்ஸ் கேமரா ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் 120 என்ற அகல ரோல் ஃபிலிமில் ஓடுபவை. 120 ஃபிலிமின் விலை கட்டுப்படியாகவில்லை. பிடித்த ஃபிலிம் 35 மி.மீ.யில்தான் கிடைக்கிறது. 35 மி.மீ. கேசட்டை 120 ஸ்பூலின் இடத்தில் உட்காரவைக்கும் பிளாஸ்டிக் அடாப்டரை இணையத்தில் வாங்கி மாட்டினால் போதுமா, எத்தனை படம் வரும், ஃபிலிம் கழுவும் லேபில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

ஓடும். நன்றாகவே ஓடும். ஆனால் இதில் அடாப்டர்தான் இருப்பதிலேயே எளிய பகுதி. ஃபிலிம் எவ்வளவு நகர்ந்தது என்று உங்கள் கேமரா எப்படி அளக்கிறது, லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிமைத் தட்டையாகப் பிடித்து வைப்பது எது, ரோல் முடிந்தபின் ஃபிலிம் எங்கே இருக்கிறது: இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் மாட்டினால் முதல் ரோல் வீண்தான்.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தரத்துக்காக இதைச் செய்ய நினைத்தால் வேண்டாம். 6×7 நெகட்டிவில் எடுத்து நடுவே 24×70 அளவில் வெட்டிக்கொண்டாலும் அதே படம்தான் கிடைக்கும், ஃபோகஸும் இன்னும் நம்பகமாக இருக்கும். 35 மி.மீ. ஓட்டுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு. 35 மி.மீ.யில் மட்டும் வருகிற ஃபிலிம் வகைகள், ஒரே ரோலில் கூடுதல் படங்கள், ஃபிலிமின் ஓரத்து ஓட்டைகள் வரை ஒளி படிந்த அந்தத் தோற்றம், எக்ஸ்பேன் போன்ற கேமராவுக்குச் செலவழிக்காமல் அகலப் படம். ஹாசல்பிளாட் 1998இல் கொண்டுவந்த எக்ஸ்பேன் 35 மி.மீ. ஃபிலிமில் 24×65 மி.மீ. படம் எடுத்தது. 6×7 கேமராவில் கிடைப்பது 24×70.

அளவுகளைப் பார்ப்போம். கோடக் 1901இல் கொண்டுவந்த 120 ஃபிலிமின் அகலம் ஏறக்குறைய 61.5 மி.மீ., அதன் ஸ்பூல் முனைக்கு முனை 65.5 மி.மீ. அளவில் இருக்கும். 1934இல் வந்த 135 கேசட்டுக்குள் இருப்பது 35 மி.மீ. ஃபிலிம். அது ஸ்பூலின் சரிநடுவில் ஓட வேண்டுமானால் ஃபிலிம் விளிம்பிலிருந்து ஸ்பூல் முனை வரை இரு பக்கமும் 15.2 மி.மீ. இருக்க வேண்டும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கேசட்டின் ஒரு முனை தட்டை, மறுமுனையில் ஸ்பூலின் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் அடாப்டரின் இரண்டு துண்டுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இடம் மாற்றிப் போட்டால் ஃபிலிம் சில மி.மீ. மேலேயோ கீழேயோ ஓடும். 3டி பிரிண்ட் கோப்பை இறக்கி நீங்களே அச்சிடுவதானால், கேசட் வாயில் ஃபிலிம் விளிம்பிலிருந்து கேசட் முனை வரை அளந்து 15.2இலிருந்து கழியுங்கள். வருவதுதான் அந்தப் பக்கத் துண்டின் தடிமன். கேமராவின் ஊசிகள் நுழையும் குழிகளுக்கு 0.2 மி.மீ. தளர்வு விடுங்கள். அச்சிட்டபின் விளிம்புகளை மென்மையான உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் ஃபிலிம் நெடுக ஒரு நேர்க்கோட்டுக் கீறல் விழும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 120 ரோல் முழுதாகச் சுழலும். கேசட்டில் உள்ளிருக்கும் ஸ்பூல் மட்டும் சுழலும், கூடு அசையாது. அதனால் குமிழ்ப் பக்கத்து அடாப்டர் கேசட்டின் கூட்டைத்தான் தாங்க வேண்டும், குமிழை இறுக்கக் கூடாது. இறுக்கினால் ஃபிலிமை நகர்த்தும் லீவர் கனத்துப் போகும், ஃபிலிம் விட்டு விட்டு நகரும்.

எந்தக் கேமராவில் இது பயன் தரும் என்பது ஃபிலிம் ஓடும் திசையைப் பொறுத்தது. பென்டாக்ஸ் 67, ஃபுஜி ஜிடபிள்யூ690, 6×9 மடிப்புக் கேமராக்கள் ஆகியவற்றில் ஃபிலிம் கிடையாக ஓடுகிறது. எனவே அகலமான கிடைப் படம் தானாகவே கிடைக்கும். ரோலைஃப்ளெக்ஸ், யாஷிகா மேட் போன்ற ட்வின் லென்ஸ் கேமராக்களிலும் ஹாசல்பிளாட் 500 வரிசையிலும் ஃபிலிம் செங்குத்தாக ஓடுகிறது. 24×56 அளவில் நெட்டுக்குத்தான படம்தான் வரும். கிடையாக வேண்டுமென்றால் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும், மேலிருந்து பார்க்கும் வ்யூஃபைண்டரில் அது பெரும் தொல்லை. மாமியா ஆர்பி67இல் பின்பகுதி திரும்பும் என்பதால் இரண்டும் முடியும். 645 (6×4.5 செ.மீ.) கேமராக்களில் பெரும்பாலும் ஃபிலிம் செங்குத்தாகத்தான் ஓடுகிறது. கிடைப்பது ஏறக்குறைய 24×41 மி.மீ., சாதாரண 35 மி.மீ. படத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவே. அதற்காக இத்தனை பாடு வேண்டியதில்லை.

நிறுவனங்களே செய்த தீர்வுகளும் உண்டு. கிடைத்தால் அவைதான் முதல் தேர்வு. ரோலைஃப்ளெக்ஸுக்கு ரோலைகின், மாமியா 7க்கு 24×65 பனோரமா அடாப்டர், பிரோனிகா ஈடிஆர்எஸ்ஐக்கு 24×54 எடுக்கும் 135 டபிள்யூ பேக் (கழற்றி மாட்டும் ஃபிலிம் பெட்டி). யாஷிகா 635 என்ற 1958ஆம் ஆண்டு ட்வின் லென்ஸ் கேமரா 6×6, 35 மி.மீ. இரண்டுக்குமாகவே வடிவமைக்கப்பட்டது. இவற்றில் எண்ணும் அமைப்பும், படத்தின் அளவைக் குறுக்கும் தகடான மாஸ்க்கும் முறையாக இருக்கும். பழைய கேமரா வாங்கும்போது அடாப்டர் பெட்டி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் மீதி உதவாது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

120 ஃபிலிமோடு முழு நீளத்துக்கும் காகிதம் வருகிறது. 1965இல் வந்த 220இல் ஃபிலிமுக்குப் பின்னால் காகிதம் கிடையாது, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான். 220 ஃபிலிம் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் கேமராவில் இருக்கும் 220 அமைப்பு காகிதமில்லாத 35 மி.மீ. ஃபிலிமுக்கு அப்படியே பொருந்தும். பென்டாக்ஸ் 67இல் பக்கவாட்டுச் சுவிட்சையும், உள்ளே ஃபிலிமைப் பின்னாலிருந்து அழுத்தும் தகடான பிரஷர் பிளேட்டையும், இரண்டையுமே 220க்கு மாற்ற வேண்டும். யாஷிகா மேட் 124ஜியிலும் பிரஷர் பிளேட்டை நகர்த்தி வைக்கலாம். ஆர்பி67, ஹாசல்பிளாட் போன்றவற்றில் 220க்கென்றே தனி பேக் உண்டு. பலரும் தேடாததால் மலிவாகவும் கிடைக்கும்.

ஃபிலிமை அளப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஃபிலிமைத் தொட்டுச் சுழலும் ரோலர். அந்த ரோலர் முழு அகலத்திலும் ஃபிலிமைப் பற்றினால் சிக்கல் இல்லை. இரு ஓரங்களில் மட்டும் ரப்பரோ சொரசொரப்போ இருந்தால் நடுவில் ஓடும் 35 மி.மீ. அதைத் தொடவே தொடாது. எண்ணிக்கை நகராது, அல்லது வழுக்கி வழுக்கி இடைவெளி தாறுமாறாகும். மற்றது, வாங்கும் ஸ்பூல் (ஓடிய ஃபிலிம் போய்ச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல்) எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுவது. சுருள் தடிக்கத் தடிக்க ஒரு சுற்றில் இழுபடும் ஃபிலிமின் நீளம் கூடும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு படத்துக்கும் சுற்றைக் குறைத்துக்கொண்டே வரும்படி பல்சக்கரத்தை அமைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு காகிதமும் ஃபிலிமும் சேர்ந்த தடிமனுக்குப் போட்டது. காகிதம் இல்லாமல் 0.14 மி.மீ. ஃபிலிமை மட்டும் சுற்றினால் சுருள் எதிர்பார்த்த வேகத்தில் தடிக்காது. ரோலின் பின்பாதியில் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். அதோடு, 120இல் முதல் படத்துக்கு முன்பே நீண்ட காகிதம் ஸ்பூலில் ஏறி அதைத் தடிக்க வைத்திருக்கும். வெறும் ஸ்பூலில் ஃபிலிமை ஒட்டி ஆரம்பித்தால் முதல் படத்திலிருந்தே ஏறும்.

ஆகவே பழைய 120 காகிதத்தின் முன்பகுதியை 40 செ.மீ. அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையை ஸ்பூலில் செருகி, மறுமுனையில் 35 மி.மீ. லீடரை, அதாவது கேசட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிலிம் நுனியை, சரிநடுவில் ஒட்டுங்கள். லீடர் ஏற்கெனவே வெளிச்சம் பட்டதுதான், அதனால் பகலிலேயே செய்யலாம். கேமராவின் பின்கதவு திறந்திருக்கும்போதே காகிதத்தைச் சுற்றி ஏற்றிவிட்டு, ஒட்டு கேசட் வாயைக் கடந்தவுடன் கதவை மூடலாம். ஸ்பூலும் தடிக்கும், ஃபிலிமும் நேராக ஏறும்.

சுற்றை நீங்களே எண்ண வேண்டிய கேமராவானால் கணக்கு இப்படி. ஸ்பூலின் நடுத்தண்டு 12 மி.மீ. விட்டம் என்றால் (உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள்) முதல் சுற்றில் ஏறுவது 38 மி.மீ. ஒன்றரை மீட்டர் ஃபிலிம் ஏறியபின் விட்டம் 20 மி.மீ. ஆகியிருக்கும், அப்போது ஒரு சுற்றுக்கு 63 மி.மீ. 6×9 படத்துக்கு இடைவெளியோடு 90 மி.மீ. வேண்டும். ஆகத் தொடக்கத்தில் இரண்டேகாலுக்கு மேல், ஏறக்குறைய 2.4 சுற்று. முடிவில் 1.4 சுற்று. இடைப்பட்டவற்றைச் சீராகக் குறைத்து ஒரு சிறு அட்டவணை எழுதிக் கேமராவின் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

எந்தக் கேமராவானாலும் ஒரு ரோலைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். காலாவதியான மலிவு ரோல் போதும். பின்கதவைத் திறந்து வைத்தே ஓட்டி, ஒவ்வொரு முறையும் கேட்டின் (லென்ஸுக்குப் பின்னால் படம் பதியும் திறப்பின்) இரு விளிம்புகளிலும் ஃபிலிமில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். கதவு திறந்திருந்தால் எண்ணாத கேமராவில், கதவு மூடியிருப்பதை உணரும் சிறு ஊசியை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு கோடுகளுக்கு இடையே அளந்தால் இடைவெளி எங்கே குறைகிறது, மொத்தம் எத்தனை படம் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

எத்தனை படம்? 36 படங்களுக்கான ரோலில் படங்களுக்கென உள்ள நீளம் 36×38, அதாவது 1,368 மி.மீ. 6×7க்கு ஒரு படத்துக்கு 75 மி.மீ. என்றால் 18. 6×6க்கு 62 மி.மீ. வீதம் 22. 6×9க்கு 15. இது தாளில் வரும் கணக்கு. கதவை மூடியபின் எண்ணிக்கை ‘1’க்கு வருவதற்குள் 20, 30 செ.மீ. ஓடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6×7இல் 15 படம் கையில் வந்தால் நல்ல கணக்குதான். 220 அமைப்பில் கேமரா 20 வரை அனுமதிக்கும், ஃபிலிமோ அதற்கு முன்பே தீர்ந்துவிடும். கேசட்டுக்குள் ஃபிலிமின் வால் ஸ்பூலில் ஒட்டப்பட்டிருக்கிறது. லீவர் இறுகியதும் விட்டுவிடுங்கள். வலிந்து இழுத்தால் ஃபிலிம் கேசட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும், அல்லது அடாப்டர் உடையும், அதைவிட மோசமாகக் கேமராவின் பல்சக்கரம் போகும். பென்டாக்ஸ் 67இன் சுற்றும் அமைப்பு இந்த முரட்டுத்தனத்தைத் தாங்காது.

அடுத்து, தட்டையாக இருப்பது. அடாப்டர் விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதேயில்லை. 120 கேமராவில் ஃபிலிமின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் இரண்டு தண்டவாளங்களின்மேல் உட்கார்ந்திருக்கும், பின்னாலிருந்து பிரஷர் பிளேட் அழுத்தும். அந்தத் தண்டவாளங்களுக்கு இடையே 56 மி.மீ. திறப்பு. 35 மி.மீ. ஃபிலிமோ முழுதாக அந்தத் திறப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, மேலும் கீழும் 10.5 மி.மீ. காலி. அதைத் தாங்கத் தண்டவாளமே இல்லை. இடது வலது விளிம்புகளிலும் ரோலர்களிலும்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஃபிலிமுக்கு எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) பக்கம் சுருளும் குணம் இயல்பாகவே உண்டு. எனவே தாங்கல் இல்லாத மேல், கீழ் ஓரங்கள் லென்ஸை நோக்கி வளையும்.

எவ்வளவு வளைந்தால் கெடும்? மங்கல் வட்டத்தை (கண்ணுக்கு இன்னும் கூரான புள்ளியாகவே தெரியும் மங்கலின் அளவை) 0.03 மி.மீ. என்று வைத்தால், எஃப்/2.8 லென்ஸ் திறப்பில் ஃபிலிம் தளம் முன்னும் பின்னும் 0.08 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. எஃப்/11இல் 0.33 மி.மீ. வரை பொறுக்கும். பிரஷர் பிளேட்டை 120 நிலையிலேயே விட்டுவிட்டால் காகிதத்தின் தடிமன் அளவுக்கு, ஏறத்தாழ 0.1 மி.மீ., கூடுதல் தளர்வு சேர்கிறது. முழுத் திறப்பில் எடுத்த படங்கள் சில கூராகவும் சில மங்கலாகவும் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. எஃப்/8, எஃப்/11 என்று மூடி எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மட்டும் சுற்றுங்கள். சுற்றி வைத்து ஒரு நாள் விட்டால் இழுவிசை தளர்ந்து வளைவு கூடும்.

நிலையான தீர்வு மாஸ்க். 24 மி.மீ. திறப்புள்ள கறுப்புத் தகடு ஒன்றை 56 மி.மீ. திறப்புக்குள் அமரும்படி செய்தால், அதன் விளிம்புகளே ஃபிலிமுக்குப் புதிய தண்டவாளமாகும். அதன் பின்முகம் கேமராவின் தண்டவாளத்தோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அந்த அளவுக்கு ஃபிலிம் பின்னே தள்ளப்பட்டு ஃபோகஸ் மாறும். கண்ணாடி மேல்நோக்கி எழும் கேமராக்களில் மாஸ்க் உள்ளே விழுந்து ஷட்டர் திரையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பென்டாக்ஸ் 67இல் திரை கேட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது. துல்லியமாகச் செய்ய முடியாதென்றால் மாஸ்க்கே வேண்டாம். ஓட்டைகள் வரை படம் பதியட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

மாட்டும் முறை. கிடையாக ஓடும் கேமராவில் கேசட் இடப்பக்கம், குமிழ் கீழ்நோக்கி, சாதாரண 35 மி.மீ. கேமராவில் போடுவது போலவே. மற்றவற்றில் ஒரே விதி: எமல்ஷன் பக்கம், அதாவது மங்கலான வெளிர்நிறப் பக்கம், லென்ஸைப் பார்க்க வேண்டும். வாங்கும் பக்கம் வெற்று 120 ஸ்பூல். 35 மி.மீ. அளவுக்கு அங்கே வரம்பு இல்லாததால் ஃபிலிம் மேலும் கீழும் அலையும். ஒரு சுற்று இரு சுற்று சாய்ந்தாலே பின்னால் வரும் படங்களும் சாய்ந்துவிடும். ஸ்பூலின் இரு ஓரங்களிலும் 13 மி.மீ. அகலத்துக்கு இன்சுலேஷன் டேப்பை நன்றாகத் தடிக்கச் சுற்றி, நடுவே 36 மி.மீ. பள்ளம் விடுங்கள். முன்சொன்ன காகித லீடரையும் அந்தப் பள்ளத்துக்கு ஏற்ப 35 மி.மீ. அகலத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். டேப் சுருளின் விட்டம் ஸ்பூல் முனைத்தட்டின் விட்டத்தைத் தாண்டக் கூடாது.

ரோல் முடிந்தது. இந்தக் கேமராக்களில் பின்னோக்கிச் சுற்றும் வசதி கிடையாது. எடுத்த ஃபிலிம் முழுதும் மூடாமல் வாங்கும் ஸ்பூலில் இருக்கிறது. கதவைத் திறந்தால் எல்லாம் போயிற்று. கேமராவோடு இருட்டுப் பைக்குள் கை விட்டு, ஸ்பூலை எடுத்து, கேசட் குமிழைத் திருகி ஃபிலிமை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அல்லது கேசட் வாயருகே வெட்டி நேராகக் கழுவும் டாங்கின் ரீலில் ஏற்றலாம். 120 எண்ணிக்கை மட்டுமே உள்ள கேமராவில் 10 அல்லது 12 படத்தோடு நின்றுவிடும், 36 ரோலில் பாதியளவு மிஞ்சும். அப்போது ஏழெட்டு செ.மீ. நாக்கு விட்டு வெட்டினால் மீதியை இன்னொரு முறை மாட்டலாம். வெளியூர் போகும்போது இருட்டுப் பை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கேசட்டிலிருந்து வெற்றுக் கேசட்டுக்கு ஓடும்படி செய்த அடாப்டர்களும் உண்டு. வெளிச்சத்திலேயே எடுக்கலாம், கடைசிப் படம் மட்டும் போகும். ஆனால் இரண்டு கேசட்டுகளின் வெல்வெட் உரசலும் சேர்ந்து லீவர் கனக்கும்.

உங்களிடம் இருக்கும் ட்வின் லென்ஸ் கேமராவுக்கும், சிவப்பு ஜன்னல் உள்ள மடிப்பு, பெட்டிக் கேமராக்களுக்கும் இதையெல்லாம் விட மேலான வழி ஒன்று இருக்கிறது. அடாப்டரே வேண்டாம். பழைய 120 காகிதத்தின் நடுவில் 35 மி.மீ. ஃபிலிமை வைத்துச் சுற்றி, முழு 120 ரோலாகவே ஆக்கிவிடலாம். இந்தியாவில் தயாராகி நம் வீடுகளிலும் புழங்கிய அக்ஃபா கிளிக் 3 போன்ற கேமராவில் எண்ணைப் பார்க்க அந்தச் சிவப்பு ஜன்னல்தான் இருக்கிறது. காகிதம் இல்லாமல் ஃபிலிமை ஓட்டினால் எண்ணும் தெரியாது, ஜன்னல் வழியே வெளிச்சமும் நேரே ஃபிலிமில் விழும். இன்றைய கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் பெரும்பாலும் சிவப்பையும் உணர்பவை, கலர் ஃபிலிமைச் சொல்லவே வேண்டாம். காகிதத்தோடு சுற்றினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீர்கின்றன. காகிதத்தில் 6×9, 6×6, 6×4.5 மூன்றுக்குமான எண்கள் மூன்று வரிசையில் இருக்கவே இருக்கின்றன. ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமேட் வகையில், ஃபிலிம் ஒட்டிய இடத்தின் தடிப்பை உணர்ந்து எண்ணத் தொடங்கும் ரோலர்கள் உண்டு. அவற்றுக்கும் இந்த முறைதான் ஏற்றது.

கழுவிய ரோலிலிருந்து காகிதத்தையும் ஸ்பூலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லேபில் கேட்டால் தருவார்கள். காகிதத்தின் கறுப்புப் பக்கத்தில் பழைய டேப் ஒட்டியிருந்த தடம் தெரியும். ஃபிலிம் தொடங்கும் இடம் அதுதான். அங்கிருந்து 82 செ.மீ. அளந்து, ஃபிலிம் முடியும் இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி இரு ஓரங்களிலும் சிறு டேப் துண்டு ஒட்டுங்கள். தொடங்கும் இடத்திலும் அப்படியே. காகிதத்தின் இரு விளிம்புகளிலிருந்தும் 13 மி.மீ. தள்ளி ஃபிலிம் இருக்க வேண்டும். கனத்த அட்டையில் 35 மி.மீ. பள்ளம் வெட்டி ஒரு வழிகாட்டி செய்துகொண்டால் இருட்டில் தடுமாற வேண்டாம்.

இருட்டில் செய்ய வேண்டியது, அதே வரிசையில்: காகிதத்தின் வால்முனையை, அதாவது அம்புக்குறி இல்லாத முனையை, ஸ்பூலில் செருகிக் கறுப்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுற்றுங்கள். முடிவு அடையாளம் விரலில் தட்டியதும் ஃபிலிமின் நுனியைக் காகிதத்தின்மேல், எமல்ஷன் உங்களைப் பார்க்க வைத்து, ஒட்டாமல் அப்படியே உள்ளே செருகித் தொடர்ந்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தொடக்க அடையாளம் வந்தபின், கடைசியாக, ஃபிலிமின் மறுமுனையைக் காகிதத்தோடு டேப்பால் ஒட்டுங்கள். மீதிக் காகிதத்தைச் சுற்றி முடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலிலேயே ஒட்டிவிட்டுச் சுற்றினாலும், இரு முனைகளையும் ஒட்டினாலும், உள்ளே இருக்கும் ஃபிலிமுக்கும் வெளியே இருக்கும் காகிதத்துக்கும் சுற்றளவு வேறுபடுவதால் நடுவில் மேடு விழும். அந்த மேடு கேட்டில் வந்து நிற்கும்போது படம் கெடும். சுருளின் நடுப்பகுதியில் மட்டும் ஃபிலிம் இருப்பதால் காகிதத்தின் ஓரங்கள் கொஞ்சம் தொய்யும். 13 மி.மீ. ஓரம் காவலாக இருப்பதால் ஒளி உள்ளே எட்டாது, ஆனாலும் மாட்டுவதையும் எடுப்பதையும் நிழலிலேயே செய்யுங்கள்.

இந்த முறையில் பிரஷர் பிளேட் 120 நிலையிலேயே இருக்கலாம். 6×9இல் 8, 6×7இல் 10, 6×6இல் 12 என வழக்கமான எண்ணிக்கை. ஒரு 36 ரோலில் இரண்டு துண்டு எடுக்கலாம், இரண்டாவது கொஞ்சம் குட்டையாக இருக்கும், அதில் கடைசிப் படத்தை விட்டுவிடுங்கள். 30.5 மீட்டர் மொத்தச் சுருள் வாங்கினால் 37 துண்டுகள். செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இதுதான் வழி.

படம் எடுக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். வ்யூஃபைண்டரில் தெரியும் உயரத்தில் 24/56, அதாவது நடுவில் 43 சதவீதம் மட்டுமே படத்தில் வரும். ஓட்டைகளோடு சேர்த்தால் 62 சதவீதம். ஒளி ஊடுருவும் தாளில் இரு கோடுகள் வரைந்து ஃபோகஸ் திரையின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரோ முழு 6×7 காட்சியையும் பார்த்து அளக்கிறது. படத்தில் வரப்போகாத வானத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் திறந்த வெளியில் எடுத்தவை இருண்டு போகும். கையில் பிடிக்கும் மீட்டர் நல்லது, இல்லையென்றால் கேமராவைக் கீழே சாய்த்து அளந்து அந்த அளவையே வையுங்கள். லென்ஸ் தேர்வில், 105 மி.மீ. லென்ஸ் 70 மி.மீ. அகலத்தில் 37 டிகிரிதான் காட்டும். அகலப் படம் என்ற உணர்வு வர 55 மி.மீ. (65 டிகிரி) அல்லது 45 மி.மீ. (76 டிகிரி) தேவை.

கழுவுவது சாதாரண 35 மி.மீ. ஃபிலிமைப் போலத்தான். பேட்டர்சன் டாங்கில் ஒரு ரீலுக்கு 290 மி.லி. போதும், 120க்கான 500 மி.லி. வேண்டியதில்லை. பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு உள்ள சினிமா ஃபிலிமைப் போட்டிருந்தால், அதைக் கழுவித் தருகிற இடம் என்று உறுதி செய்தபிறகே கொடுங்கள். கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 இயந்திரத்தில் அது போனால் மற்றவர்களின் ஃபிலிமும் பாழாகும். லேபில் கேசட்டின்மேலேயே எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டியது: ‘கழுவ மட்டும், வெட்ட வேண்டாம், ஸ்கேன் வேண்டாம்’. வாயால் சொன்னது மறந்துபோகும். வழக்கப்படி ஆறு ஆறு படமாக வெட்டினால் கத்தி உங்கள் படத்தின் நடுவே விழும். அவர்களுடைய ஸ்கேனரும் 24×36க்கு அமைந்தது, 70 மி.மீ. படத்தை இரண்டாகத்தான் பார்க்கும்.

ஸ்கேன் செய்ய, 120 ஹோல்டர் உள்ள ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் ஃபிலிமை நடுவில் வைத்து, நியூட்டன் வளையம் (கண்ணாடியும் ஃபிலிமும் ஒட்டுமிடத்தில் தெரியும் வண்ண வளையம்) விழாத சொரசொரப்புக் கண்ணாடியால் அழுத்துங்கள். ஓட்டைகள் வரை வேண்டுமென்றால் இது ஒன்றே வழி, 35 மி.மீ. ஹோல்டர் அவற்றை மறைத்துவிடும். டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் லைட் பேனலும் இருந்தால் ஒரு படத்தை இரண்டு பாதியாக, நடுவே மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி எடுத்து இணைத்துக்கொள்ளலாம். ஃபிலிமை நகர்த்துங்கள், கேமராவை நகர்த்தாதீர்கள். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் மேனுவலில் பூட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் இணைத்த இடத்தில் வானத்தில் கோடு தெரியும்.